போஸ்ட்-ஹார்ட்கோர் என்றால் என்ன? ‘ரிலேஷன்ஷிப் ஆஃப் கமாண்ட்’ ஆல்பத்தை வைத்து ஓர் எளிய விளக்கம்

ராக் இசை கேட்பவர்கள் ‘போஸ்ட்-ஹார்ட்கோர்’ என்ற சொல்லை ரொம்பத் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். பாடகர் தொண்டை கிழியக் கத்தினால் போஸ்ட்-ஹார்ட்கோர். கிட்டார் காதைக் குடைந்தால் போஸ்ட்-ஹார்ட்கோர். கறுப்புச் சட்டையும் கண் மையுமாக நிற்கும் எந்தக் குழுவும் போஸ்ட்-ஹார்ட்கோர். இப்படிப் பேசிப் பேசி, அந்தப் பெயரில் உண்மையிலேயே நடந்த இசை என்ன என்பது மறைந்துபோய்விட்டது. புதிதாகக் கேட்க வருபவர்கள் “வெறும் கத்தல்தானே” என்று இரண்டு பாடல்களோடு திரும்பிவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு ஆல்பத்தை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள எல் பாசோ நகரத்துக் குழுவான ‘அட் தி டிரைவ்-இன்’ 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியிட்ட ‘ரிலேஷன்ஷிப் ஆஃப் கமாண்ட்’. இந்த இசை வகையின் உச்சம் என்று பலர் கொண்டாடும் ஆல்பம் அது. அதே குழுவின் கிட்டார் கலைஞரே அது கெடுக்கப்பட்டுவிட்டதாகச் சொன்ன ஆல்பமும் அதுதான். பலம், பலவீனம் இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துப் படிக்க இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

முதலில் ஹார்ட்கோர்

1970களின் பிற்பகுதியில் பரவிய, பங்க் என்ற எளிய, முரட்டு ராக் இசையை இன்னும் வேகமாக, இன்னும் சுருக்கமாக, இன்னும் கோபமாக வாசித்தால் அது ஹார்ட்கோர். கலிஃபோர்னியாவில் பிளாக் ஃபிளாக், வாஷிங்டனில் பேட் பிரெய்ன்ஸ், மைனர் திரெட் போன்ற குழுக்கள் 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதை உருவாக்கின. ஒரு பாடல் ஒன்று அல்லது இரண்டு நிமிடம் ஓடும். நான்கைந்து கார்டுகள், அதாவது பல சுரங்களைச் சேர்த்து அழுத்தும் கிட்டார் அடிகள், இருந்தால் போதும். நீண்ட கிட்டார் தனி ஆவர்த்தனம், அலங்காரம் எதற்கும் இடமில்லை. பெரிய நிறுவனங்களை நம்பாமல் தாங்களே இசைத்தட்டு அச்சிட்டு விற்றார்கள். மைனர் திரெட்டின் இயன் மெக்கேயும் ஜெஃப் நெல்சனும் 1980இல் தொடங்கிய ‘டிஸ்கார்ட்’ நிறுவனம் இதற்குப் பெயர் பெற்ற எடுத்துக்காட்டு.

ஆனால் முழு வேகத்தை முழு நேரமும் வாசித்துக்கொண்டிருந்தால் சில ஆண்டுகளிலேயே சொல்ல வேறு எதுவும் இருக்காது. 1984–85 வாக்கில் அந்த வட்டத்துக்குள் இருந்தவர்களே இதை உணரத் தொடங்கினார்கள். மினசோட்டாவின் ஹஸ்கர் டூ இரட்டை இசைத்தட்டு ஒன்றைப் போட்டது. வாஷிங்டனில் ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் குழு கோபத்துக்குப் பக்கத்தில் துயரத்தையும் வைத்துப் பாடியது. அப்புறம் மெக்கே, ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்கின் கை பிச்சியோட்டோ ஆகியோர் சேர்ந்த ‘ஃபுகாசி’ வந்தது. போஸ்ட்-ஹார்ட்கோர் என்றால் முதலில் இவர்களைத்தான் சொல்ல வேண்டும். ஹார்ட்கோர் தந்த உந்துதலையும் நேர்மையையும் வைத்துக்கொண்டு, அதன் கட்டுப்பாடுகளை மட்டும் கழற்றி வைத்தவர்கள்.

வேகமும் முட்டுக்கட்டையும்

தேரோட்டத்தை நினைத்துப் பாருங்கள். நூற்றுக்கணக்கானோர் வடம் பிடிக்கிறார்கள். நேரான வீதியில் அந்த இழுவிசையே போதும், தேர் போய்விடும். மூலை வந்தால் கதை வேறு. அங்கே சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் வேண்டும். எந்தச் சக்கரத்தை எந்தக் கணத்தில் நிறுத்தி எப்போது விடுவது என்பது அவர்களுக்குத் தெரியும். பலம் இழுப்பவர்களிடம் இருக்கிறது, திருப்பம் தடுப்பவர்களிடம் இருக்கிறது.

ஹார்ட்கோர் நேர் வீதியில் ஓடும் தேர் என்றால், போஸ்ட்-ஹார்ட்கோர் மூலை திரும்புகிற தேர். அதே இழுவிசை, கூடவே முட்டுக்கட்டை.

இசையில் அந்த முட்டுக்கட்டை எது? பல இருக்கின்றன. ஒன்று திடீர் மௌனம். ஃபுகாசியின் ‘வெயிட்டிங் ரூம்’ பாடலில் பேஸ், அதாவது தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் கிட்டார், தொடங்கி, மற்ற வாத்தியங்கள் சேர்ந்து, சூடு பிடித்த நேரத்தில் எல்லாம் சட்டென்று நின்றுவிடும். சில விநாடி வெறுமை. மறுபடி அடி விழும்போது அதன் கனம் இரட்டிப்பாகிவிடும். இரண்டாவது, ஒலியின் ஏற்ற இறக்கம். இதை டைனமிக்ஸ் என்பார்கள். மெல்லிய பகுதிக்கும் உரத்த பகுதிக்கும் உள்ள தூரம்தான் அது. மூன்றாவது, முரண் ஒலி: ஒன்றோடொன்று இணங்காத சுரங்களை வேண்டுமென்றே பக்கத்தில் வைத்து, காது “எப்போது சரியாகும்?” என்று காத்திருக்கும்படி செய்வது. நான்காவது, எதிர்பார்க்கும் இடத்தில் தாளம் விழாமல் தள்ளிப்போடுவது.

கத்தலும் இந்த வரிசையில் ஒரு கருவி, அவ்வளவுதான். பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவே நின்ற குரல் ஒரு கட்டத்தில் உடைந்து கத்தலாக மாறும்போதுதான் அதற்கு அர்த்தம். முதல் விநாடியிலிருந்து கடைசி விநாடி வரை கத்தினால் அது வேறு ஏதாவது வகையாக இருக்கலாம், நல்லதாகவும் இருக்கலாம். ஆனால் இந்த இசை செய்யும் வேலையை அது செய்யாது.

இதுவரை சொன்னதன் சாரம் இது: ஹார்ட்கோர் விசையைத் தந்தது. போஸ்ட்-ஹார்ட்கோர் அந்த விசையை அடக்கவும் அவிழ்க்கவும் கற்றுக்கொண்டது. எனவே இந்த வகை ஆல்பம் ஒன்றை மதிப்பிட ஒரு கேள்வி போதும். அடக்குவதற்கும் அவிழ்ப்பதற்கும் இடையிலான வித்தியாசம் கடைசி வரை உயிரோடு இருக்கிறதா?

எல் பாசோவின் ஐந்து பேர்

அட் தி டிரைவ்-இன் 1990களின் நடுவில் தொடங்கிய குழு. இந்த ஆல்பத்தின்போது செட்ரிக் பிக்ஸ்லர்-ஜவாலா பாடினார். ஓமார் ரோட்ரிகெஸ்-லோபெஸ், ஜிம் வார்டு இருவரும் கிட்டார். பால் ஹினோஹோஸ் பேஸ், டோனி ஹஜ்ஜார் டிரம்ஸ். பல ஆண்டுகள் வேனில் ஊர் ஊராகப் போய்ச் சின்னச் சின்ன இடங்களில் வாசித்து வளர்ந்தவர்கள். மேடையில் இவர்களைப் பார்த்தவர்கள் முதலில் சொல்வது உடம்பைப் பற்றித்தான்: மைக்கை வீசுவார்கள், ஒலிப்பெட்டி மேல் ஏறிக் குதிப்பார்கள், உருளுவார்கள். அத்தனைக்கு நடுவிலும் தாளம் தப்பாது.

அந்த ஆற்றலைப் பதிவு செய்வதற்காக 2000இன் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் மாலிபு பகுதியில் இருந்த இண்டிகோ ரான்ச் ஸ்டூடியோவுக்குப் போனார்கள். தயாரிப்பாளர் ராஸ் ராபின்சன். இசைத் துறையில் தயாரிப்பாளர் என்பவர் பணம் போடுகிறவர் அல்ல. கலைஞர்களிடமிருந்து எந்த மாதிரி வாசிப்பை வாங்க வேண்டும், எப்படிப் பதிய வேண்டும் என்று முடிவு செய்பவர். ராபின்சன் அதற்கு முன் கோர்ன், ஸ்லிப்நாட் போன்ற கனமான குழுக்களின் ஆல்பங்களைச் செய்தவர். வாசிப்பவரை உணர்ச்சியின் விளிம்புக்குத் தள்ளி, அங்கே வரும் வாசிப்பைப் பிடித்துக்கொள்வது அவர் பாணி. ஆல்பத்தை வெளியிட்டது பீஸ்டி பாய்ஸ் என்ற ராப் குழுவினர் நடத்திய ‘கிராண்ட் ராயல்’ நிறுவனம்.

எங்கே ஜெயிக்கிறது

முதல் பாடல் ‘ஆர்க்ஆர்சனல்’. தொடக்கத்தில் தாளக்கருவிகளின் சலசலப்பு, அதன் மேல் மெல்ல எழும் கிட்டார் இரைச்சல். எதுவோ வரப்போகிறது என்று தெரியும், எப்போது என்று தெரியாது. பிறகு மொத்தக் குழுவும் ஒரே அடியாக இறங்கும். மேலே சொன்ன அடக்குதல், அவிழ்த்தல் என்பதன் முழு இலக்கணமும் அந்த முதல் நிமிடத்திலேயே இருக்கிறது. புதியவர்கள் அதை மட்டும் நாலைந்து தடவை கேட்டுப் பார்க்கலாம்.

என் காதுக்கு இந்த ஆல்பத்தின் மிகப் பெரிய பலம் இரண்டு கிட்டார்களின் சண்டை. சாதாரண ராக் குழுவில் ஒருவர் அடித்தளமாகக் கார்டுகளை வாசிப்பார், மற்றவர் மேலே மெட்டு வாசிப்பார். இங்கே வார்டின் கிட்டார் பெரும்பாலும் அந்த அடித்தள வேலையைத்தான் செய்கிறது: திடமான, நேரான, பங்க் வழி வந்த அடி. ரோட்ரிகெஸ்-லோபெஸோ அதன் மேல் அழகாக அமர மறுக்கிறார். கூர்மையான, கோணலான துணுக்குகளைக் குத்துகிறார். பெடல்களால் ஒலியைச் சிதைக்கிறார். பெடல் என்பது காலால் அழுத்தி கிட்டாரின் ஒலியை மாற்றும் சிறு கருவி. பாடல் ஒரு திசையில் போகப் பார்க்கும், அவர் வாசிப்பு அதை வேறு பக்கம் இழுக்கும். அந்த இழுபறிதான் பாடல் முழுக்க ஓடும் மின்சாரம்.

இரண்டு பக்கமும் இப்படி இழுத்தால் பாடல் பிய்ந்து போக வேண்டும். போகவில்லை. காரணம் ஹஜ்ஜாரும் ஹினோஹோஸும். இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இவர்கள் பெயரை அதிகம் சொல்வதில்லை, அது பெரிய அநியாயம். ஹஜ்ஜாரின் டிரம்ஸை மட்டும் தனியாகக் கவனியுங்கள். வேகமான இடங்களில்கூட அவர் ஒவ்வொரு அடிக்கும் இடம் விட்டு வாசிக்கிறார். முட்டுக்கட்டை அவர் கையில்தான் இருக்கிறது.

அடுத்தது குரல். பிக்ஸ்லர்-ஜவாலா ஒரே வரிக்குள் பேசுவார், பாடுவார், அலறுவார். ‘ஒன் ஆர்ம்ட் சிசர்’ பாடலில் சரணத்தில் குரல் வார்த்தைகளை வேக வேகமாகக் கோத்துக்கொண்டு போகும். பல்லவி வந்ததும் வார்த்தை குறைந்து, கூட்டமாகச் சேர்ந்து போடும் கத்தலாக மாறும். பின்னணியில் வார்டின் குரல் வந்து சேரும் இடங்களில், ஒருவர் தனியாக உடைந்துகொண்டிருக்கும்போது இன்னொருவர் தோள் கொடுப்பது போல இருக்கிறது. இந்தக் குழுவை வானொலி வரை கொண்டு சேர்த்த பாடல் இதுதான். அப்படிச் சேர்ந்ததற்காக அதன் கோணல்கள் எதையும் அவர்கள் நேராக்கிவிடவில்லை.

சுருக்கமாக: இழுக்கும் கிட்டார் ஒன்று, எதிர்ப்பக்கம் இழுக்கும் கிட்டார் இன்னொன்று, இரண்டையும் பிடித்து வைக்கும் தாளம், எல்லாவற்றுக்கும் மேலே எப்போது உடையும் என்று தெரியாத குரல்.

ஹுவாரெஸ் பெண்களைப் பற்றிய பாடல்

எல் பாசோவிலிருந்து ரியோ கிராண்டே ஆற்றைக் கடந்தால் மெக்சிகோவின் சியுடாட் ஹுவாரெஸ். 1993 முதல் அந்த நகரத்தில் நூற்றுக்கணக்கான பெண்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பலர் இளம்பெண்கள். எல்லையோர ஏற்றுமதித் தொழிற்சாலைகளில் குறைந்த கூலிக்கு வேலை பார்த்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். உடல்கள் பாலைவனத்தில் கிடைத்தன. பெரும்பாலான வழக்குகளில் உருப்படியான விசாரணைகூட நடக்கவில்லை. ‘இன்வாலிட் லிட்டர் டிப்ட்.’ என்ற ஆறு நிமிடப் பாடல் இதைப் பற்றியது.

இசையாகப் பார்த்தால் ஆல்பத்தின் ஆகச் சிறந்த பாடல் இதுதான் என்பேன். சரணங்களில் பாடகர் பாடுவதே இல்லை, அறிக்கை வாசிப்பது போலப் பேசிக்கொண்டே போகிறார். கீழே அமைதியான கிட்டார். பல்லவி ஒவ்வொரு முறை வரும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. கடைசியில் அதே வரி அலறலாக மாறும்போது, அந்த அலறல் வேறெங்கும் போக வழியில்லாத ஒன்று என்று புரிகிறது. கத்தலை எங்கே வைக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் இந்தப் பாடலைத்தான் காட்டுவேன்.

ஆனால் ஆல்பத்தின் ஒரு பெரிய பலவீனமும் இதே பாடலில்தான் இருக்கிறது: சொற்கள். பிக்ஸ்லர்-ஜவாலா கதை சொல்வதில்லை. மருத்துவம், ராணுவம், அறிவியல் என எங்கெங்கிருந்தோ சொற்களை எடுத்து ஒட்டிப் படிமங்களாக அடுக்குகிறார். மற்ற பாடல்களில் இது நன்றாகவே வேலை செய்கிறது. அர்த்தம் பிடிபடாவிட்டாலும் அவசரமும் பயமும் பிடிபடும். இங்கே மட்டும் எனக்கு நெருடுகிறது. உண்மையில் கொல்லப்பட்ட பெண்களைப் பற்றிப் பாடும்போது, கேட்பவருக்கு அது புரியவே வேண்டாமா? பாடலின் காணொளியில் ஹுவாரெஸ் கொலைகள் பற்றிய தகவல்கள் எழுத்தில் வருகின்றன. அது இல்லாமல் பாடலை மட்டும் கேட்ட எத்தனையோ பேருக்கு எதைப் பற்றிய பாடல் என்றே தெரியாது. இறந்தவர்களைக் காட்சிப்பொருளாக்காத மரியாதை அந்த மறைமொழியில் இருக்கிறது என்று வாதிடலாம். அதில் நியாயமும் உண்டு. ஆனாலும் ஆல்பம் முழுக்க எல்லா விஷயத்தையும் ஒரே அளவு மூட்டத்தில் வைத்திருப்பதால், மிக முக்கியமான இந்த இடத்துக்குத் தனி வெளிச்சம் கிடைக்காமல் போகிறது. இசையில் அவ்வளவு கவனமாகக் காப்பாற்றிய ஏற்ற இறக்கம் சொற்களில் இல்லை.

மிக்ஸிங் செய்த வேலை

சரி, குழுவின் கிட்டார் கலைஞர் ரோட்ரிகெஸ்-லோபெஸே ஏன் இந்த ஆல்பத்தைக் குறை சொன்னார்? இதைப் புரிந்துகொள்ள இரண்டு சொற்கள் தெரிந்தால் போதும்.

ஸ்டூடியோவில் ஒவ்வொரு வாத்தியமும் குரலும் தனித்தனித் தடங்களாகப் பதியப்படும். அவற்றைச் சேர்த்து, எது முன்னால், எது பின்னால், எது இடப்பக்கம், எது வலப்பக்கம் என்று தீர்மானித்து ஒரே பாடலாக்கும் வேலை மிக்ஸிங். அந்த வேலையில் பயன்படும் ஒரு முக்கியக் கருவி கம்ப்ரஷன். உரத்த ஒலியைக் கொஞ்சம் அமுக்கி, பிறகு மொத்த ஒலியையும் மேலே தூக்குவார்கள். விளைவு, மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள தூரம் குறையும். அளவாகச் செய்தால் பாடல் திடமாக ஒலிக்கும், காரிலும் வானொலியிலும் தெளிவாகக் கேட்கும். அளவு மீறினால் எல்லாமே ஒரே உயரத்தில் நிற்கும்.

இந்த ஆல்பத்தை மிக்ஸ் செய்தவர் ஆண்டி வாலஸ். நிர்வாணா என்ற ராக் குழுவின் ‘நெவர்மைண்ட்’ ஆல்பத்தை மிக்ஸ் செய்து புகழ் பெற்றவர். முரட்டு இசையைப் பளபளப்பாகவும் பெரிதாகவும் ஒலிக்க வைப்பதில் கைதேர்ந்தவர். ரோட்ரிகெஸ்-லோபெஸ் பின்னாளில் பேட்டியில் சொன்னதன் சாரம்: பதிவில் இருந்த பச்சையான ஆற்றல் இதைவிடப் பெரியது, மிக்ஸிங் அதை மெழுகிப் பூசிவிட்டது.

அவர் சொன்னதில் பாதி சரி என்று நினைக்கிறேன். டிரம்ஸின் ஒவ்வொரு அடியும் ஒரே கனத்தில் விழுவதைக் கவனித்தால் தெரியும். வேகமான பாடல்கள் அடுத்தடுத்து வரும் இடங்களில் காது களைத்துப்போகிறது. ஒவ்வொரு பாடலையும் தனியாகக் கேட்டால் பிரமாதம். வரிசையாகக் கேட்டால் உச்சங்கள் எல்லாம் ஒரே உச்சமாகத் தெரிகின்றன. எப்போதும் உரத்தே இருந்தால் உரப்புக்கு மதிப்பில்லை. இந்த இசையின் அடிப்படையே அதுதானே. ஒப்பிட்டுப் பார்க்க, இதே குழு 1998இல் வெளியிட்ட ‘இன்/கசீனோ/அவுட்’ ஆல்பத்தைக் கேளுங்கள். ஸ்டூடியோவில் பெரும்பாலும் எல்லோரும் ஒன்றாக நின்று வாசித்துப் பதிந்தது. ஒலி மெலிந்தது, சில இடங்களில் கரடுமுரடு. ஆனால் வாத்தியங்களுக்கு நடுவே காற்று இருக்கிறது.

மீதிப் பாதியில் நான் அவரோடு உடன்படவில்லை. பச்சையாக இருந்தால் நல்லது, மெருகிட்டால் கெட்டது என்பது இந்த இசையைச் சுற்றி நிலவும் இன்னொரு மூடநம்பிக்கை. இரண்டு கிட்டார்களும் எதிரெதிராக இழுப்பது எனக்கு இவ்வளவு தெளிவாகக் கேட்கிறதே, அதற்கும் இதே மிக்ஸிங்தான் காரணம். மங்கலான ஒலியில் அந்தச் சண்டை வெறும் இரைச்சலாகிப் போயிருக்கும்.

ஆக மிக்ஸிங் ஒரு கையால் தெளிவைக் கொடுத்தது, மறு கையால் ஏற்ற இறக்கத்தை எடுத்துக்கொண்டது.

சின்னக் குறைகள்

பங்க் முன்னோடி இகி பாப் இந்த ஆல்பத்தில் வருகிறார். ‘என்ஃபிலேட்’ தொடக்கத்தில் மிரட்டல் தொலைபேசிக் குரல் அவருடையது, அது பொருத்தம். ‘ரோலோடெக்ஸ் புரொபகாண்டா’வில் பாடவும் செய்கிறார். அங்கே அவர் இருப்பது பெயர்ப் பட்டியலைப் பார்த்தால்தான் தெரியும். கடைசிப் பாடலான ‘நான்-ஜீரோ பாசிபிலிட்டி’ நிதானமாக, இருளாக நகர்கிறது. அந்த மாற்றம் ஆல்பத்தின் நடுவிலேயே ஒரு தடவை கூடுதலாக வந்திருந்தால் மேலே சொன்ன களைப்பு பாதியாகக் குறைந்திருக்கும்.

பிறகு நடந்தது

புகழ் வந்த வேகத்திலேயே குழு களைத்துப்போனது. 2001 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் ‘பிக் டே அவுட்’ விழாவில், சிட்னி மேடையின் முன் கூட்டம் ஒருவரை ஒருவர் ஆபத்தாக மோதிக்கொண்டதைக் கண்டித்து, சில பாடல்களோடு மேடையை விட்டு இறங்கினார்கள். கோபமான இசை வாசிப்பவர்கள் கூட்டத்தின் முரட்டுத்தனத்தை ஏற்க மறுத்தது பலருக்குப் புரியவில்லை. ஃபுகாசியிலிருந்து வரும் மரபு தெரிந்தவர்களுக்குப் புரிந்தது: மெக்கேயும் பிச்சியோட்டோவும்கூட, கூட்டத்தில் யாருக்காவது அடிபடுகிறது என்றால் பாட்டை நிறுத்தித் தட்டிக்கேட்பார்கள். விசை வேறு, வன்முறை வேறு.

அதே ஆண்டு மார்ச்சில் குழு பிரிந்தது. பிக்ஸ்லர்-ஜவாலாவும் ரோட்ரிகெஸ்-லோபெஸும் ‘தி மார்ஸ் வோல்டா’ தொடங்கி, நீண்ட, சிக்கலான, லத்தீன் தாளம் கலந்த இசைக்குப் போனார்கள். வார்டு, ஹினோஹோஸ், ஹஜ்ஜார் மூவரும் ‘ஸ்பார்ட்டா’ என்ற பெயரில் நேரான, மெட்டு மிகுந்த ராக் வாசித்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கேட்டால் ஒன்று விளங்கும். ‘ரிலேஷன்ஷிப் ஆஃப் கமாண்ட்’ ஆல்பத்தில் எதிரெதிராக இழுத்த இரண்டு பக்கங்களும் தனித்தனியாகப் போய்விட்டன. ஒரு பக்கத்துக்குப் பிடித்து நிறுத்த ஆளில்லை, மறு பக்கத்துக்குக் கலைத்துப்போட ஆளில்லை. இரண்டு குழுக்களிடமும் நல்ல பாடல்கள் உண்டு. அந்த இழுபறி மட்டும் இரண்டிலும் இல்லை. 2012இல் மறுபடி சேர்ந்து மேடையேறினார்கள். 2017இல் புதிய ஆல்பம் வந்தபோது வார்டு அதில் இல்லை.

எங்கே தொடங்குவது

முதலில் ‘ஆர்க்ஆர்சனல்’, அடுத்து ‘ஒன் ஆர்ம்ட் சிசர்’, பிறகு ‘இன்வாலிட் லிட்டர் டிப்ட்.’ இந்த மூன்றையும் ஹெட்ஃபோனில், கிட்டார்களைத் தனித்தனியாகப் பின்தொடர்ந்து கேளுங்கள். முழு ஆல்பத்தையும் ஒரே மூச்சில் கேட்க வேண்டாம். நடுவில் ஒரு இடைவெளி விட்டால் நல்லது. பிடித்திருந்தால் பின்னோக்கி ஃபுகாசியின் ‘ரிப்பீட்டர்’ ஆல்பத்துக்குப் போகலாம், 1990இல் வந்தது. கம்ப்ரஷன் அதிகமில்லாத பதிவில் இதே உத்திகள் எப்படி மூச்சு விடுகின்றன என்று அதில் கேட்கலாம். முன்னோக்கிப் போக விரும்பினால் நியூ ஜெர்சியின் ‘தர்ஸ்டே’ குழு 2001இல் வெளியிட்ட ‘ஃபுல் கொலாப்ஸ்’ இருக்கிறது.